முஃப்லிஸின் பட்டியல்

அரபு மொழியில் 'ஃபல்ஸ்' என்பது செப்புக் காசு. பொன் நாணயமும் வெள்ளி நாணயமும் கையை விட்டகன்று, செப்புக் காசளவில் வந்து நின்றவனை அரபியர் 'முஃப்லிஸ்' என்றனர். தமிழில் 'நொடித்துப் போனான்' என்கிறோம். காலூன்ற மாட்டாமல் நொண்டி நடப்பதையும் அச்சொல் குறிக்கும். கடைத்தெரு வழக்கோ 'மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டார்' என்பது, 'ஐ.பி. போட்டுவிட்டார்' என்றும் சொல்வதுண்டு.

இந்தக் கடைத்தெருச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் நம்மவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. கடன்காரர்களுக்குத் தெரியாமல் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனவனைப் பற்றி உரக்கப் பேசுவார்கள். அவன் பெங்களூரில் இருக்கிறானாம், துபாயில் இருக்கிறானாம் என்று சுவையுடன் செய்தி சேர்ப்பார்கள். நீதிமன்றத்தின் முன் நின்று 'என்னால் இயலவில்லை, இதோ என் உடைமை, இதோ நான் கொடுக்க வேண்டியவர்கள்' என்று எழுதிக் கொடுத்தவனையோ மார்க்கத்தை மீறியவனாகக் கருதிக் கிசுகிசுப்பார்கள். இது தலைகீழான வழக்கம் என்பது நம் கருத்து. ஓடியவன் மறைத்தான், எழுதிக் கொடுத்தவன் வெளிப்படுத்தினான். ஷரீஅத் இவ்விருவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை.

நம் மஹல்லாவில் ரெடிமேட் கடை வைத்திருந்த ஒருவர், 2020ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை எண்ணிக் கடனுக்குச் சரக்கெடுத்தார். மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் இறுதியில் நோன்பு பிறந்தது. பெருநாளும் வந்து போயிற்று. மூட்டைகள் கட்டுப் பிரிக்கப்படாமலே கிடந்தன. அதன்பின் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வட்டிக்கும் வாங்கினார், அதை நம்மிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். 2023இல் ஓரிரவு இஷாவுக்குப் பின் வந்து, "ஹழ்ரத், வக்கீல் ஐ.பி. போடச் சொல்கிறார். மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

"கூடுமா கூடாதா என்பது இருக்கட்டும் தம்பி. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றோம்.

மறுநாள் கொண்டுவந்தார். மொத்த வியாபாரிகள், ஒரு வங்கி, வட்டிக்கடைக்காரர் இருவர். ஆகப் பதினான்கு பெயர்கள். "உங்கள் லாத்தாவின் நகையை அடகு வைத்தீர்களே?" என்று கேட்டோம். "அது வீட்டுக்குள்ளே உள்ள விஷயந்தானே ஹழ்ரத்" என்றார். அடுத்த தெருவில் ஒரு விதவை, கணவர் விட்டுச் சென்ற இரண்டு இலட்சத்தை இவரை நம்பிக் கொடுத்திருந்தது நமக்குத் தெரியும். அதற்குக் காகிதம் ஏதும் இல்லை. ஆதலால் அவரும் பட்டியலில் இல்லை. வீட்டம்மாவின் மஹர் இருபத்தையாயிரம் ரூபாய் இன்றுவரை பாக்கி, அதுவும் இல்லை. காகிதம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நம்பிக்கையை மட்டும் வைத்திருந்த மூவரும் விடுபட்டிருந்தார்கள்.

நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். தமிழகத்தின் மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டமும், சென்னை நகரத்திற்கு 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உள்ளன. 2016இல் புதிய திவால் சட்டத் தொகுப்பு வந்தபோதிலும், அதில் தனி மனிதர்களைப் பற்றிய பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நம்மூர்க் கடைக்காரருக்கு இன்றும் வழி பழைய சட்டமே. அவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திற்குரிய நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். பெரும்பாலும் அது சார்பு நீதிமன்றமாக இருக்கும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுச் செய்யலாம் என்று அன்று எழுதி வைத்தார்கள்; அந்தத் தொகையே சட்டத்தின் வயதைச் சொல்லும்.

மனுவில் எழுத வேண்டியவை என்ன? கடனைத் தீர்க்க இயலவில்லை என்ற வாக்குமூலம். கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை. தன் உடைமை யாவும், அவற்றின் மதிப்பும் இருப்பிடமும். அவற்றை நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கச் சம்மதம். இதற்குமுன் இத்தகைய மனுச் செய்ததுண்டா என்ற விவரம். நொடித்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால், சொத்துகள் நீதிமன்றத்தின் கைக்கோ ரிசீவரின் கைக்கோ போய்விடும். அதன்பின் நீதிமன்ற அனுமதியின்றி எந்தக் கடன்காரரும் தனியே வழக்குத் தொடர முடியாது. ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிக்கு மட்டும் அதன் ஈட்டின்மீதுள்ள உரிமை நிற்கும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றில் கைவைப்பதில்லை. பிக்ஹு நூல்களும் முஃப்லிஸுக்கு ஆடையையும், பங்கீட்டு நாளில் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வேண்டிய உணவையும் விட்டு வைக்கின்றன.

அந்தக் கடைக்காரர் இன்னொரு யோசனையும் வைத்திருந்தார். மனுவுக்கு முன்பே வீட்டை மனைவியின் பெயருக்கு மஹருக்காக எழுதிவிட்டால் என்ன என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மஹர் இருபத்தையாயிரம், வீடு பதினைந்து இலட்சம் பெறும். மிச்சம் யாருடைய பணம்? மனுவுக்கு முந்திய இரண்டாண்டுக்குள் விலையின்றி எழுதிக் கொடுத்த சொத்தும், மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததும் ரத்தாகும் என்று சட்டம் இந்த வாயிலை அடைத்து வைத்திருக்கிறது. கடனைத் தீர்க்க வேண்டிய பொருளைத் தருமம் செய்வதே கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபு. தருமத்துக்கே அனுமதியில்லாத பொருளைப் பதுக்குவதற்கு எங்கே அனுமதி கிடைக்கும்?

நபித்தோழர் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. ஈகையால் கடன்பட்டுப் போன அவர்களின் உடைமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டார்கள். ஓர் அறிவிப்பின்படி கடன்காரர்களுக்கு ஏழில் ஐந்து பங்கு கிடைத்தது. அதற்குமேல் அவரைத் தொடர அவர்களுக்கு வழிவிடப்படவில்லை. (நம் நாட்டுச் சட்டமோ, ரூபாய்க்கு எட்டணா தேறாவிட்டால், அது அவர் குற்றத்தால் நேர்ந்ததன்று என்று தெளிவானாலன்றி முழு விடுதலை தர மறுக்கிறது.) அறிஞரும் வள்ளலுமான அந்த ஸஹாபியின் கண்ணியம் இதனால் குறைந்ததாக யாரும் எழுதவில்லை.

மற்றொன்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஜுஹைனா குலத்தைச் சேர்ந்த உஸைஃபிஉ என்பவர், ஹஜ்ஜிலிருந்து எல்லோருக்கும் முன்பாக ஊர் வந்து சேர்ந்தார் என்ற பெயருக்காகவே விலை உயர்ந்த ஒட்டகங்களைக் கடனுக்கு வாங்கி வாங்கி மூழ்கிப் போனார். கலீபா மக்களிடையே எழுந்து, பெயரைச் சொல்லி, அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் மறுநாள் காலை வரட்டும், சொத்தைப் பங்கிடுவோம் என்று அறிவித்தார்கள். அவமானப்படுத்துவதா அதன் நோக்கம்? அறிவிக்காவிட்டால் மூலையிலுள்ள கடன்காரருக்குச் செய்தி எட்டாது. முஃப்லிஸ் என்று அறியாமல் புதியவர் ஒருவர் மேலும் கடன் கொடுத்துவிடுவார். சுதந்திரமான மனிதனின் கொடுக்கல் வாங்கலைத் தடுக்கலாகாது என்ற இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தும், அதற்கு மாறாக அவர்களின் மாணவர் இருவர் அளித்த தீர்ப்பும் நீண்ட விவாதம், இங்கே வேண்டாம்.

அந்த அறிவிப்பின் இடத்தில் இன்று இருப்பவை அரசிதழும் நாளிதழ் விளம்பரமும் நீதிமன்றப் பதிவேடும் ஆகும். நொடித்தவர் என்ற தீர்ப்பு, அவர் பெயர், முகவரி, நாள், நீதிமன்றம் ஆகியவற்றுடன் அரசிதழில் வெளியாக வேண்டுமென்பது சட்டம். நாளிதழின் உட்பக்கத்தில், மனுவெண்ணும் எதிர்மனுதாரர் பெயர்களுமாகப் பொடி எழுத்தில் வருவதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? இப்போது 'இ-கோர்ட்ஸ்' தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் வழக்கின் நிலை தெரிகிறது. ஒரே பெயரில் ஊருக்குப் பத்து அப்துல் காதர்கள் இருப்பதால், தகப்பனார் பெயரையும் முகவரியையும் ஒத்துப் பார்க்காமல் யாரையும் முஃப்லிஸ் ஆக்கிவிடலாகாது. ஐயமிருந்தால் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுப் பார்ப்பதே முறை. நிலம் வாங்க வில்லங்கம் பார்க்கிறவர்கள், பங்கு சேரும்போது இதையும் பார்ப்பதில் தவறில்லை. பிறர் குறையைத் துருவுவதற்காகப் பார்ப்பது வேறு. அது தஜஸ்ஸுஸ், தடுக்கப்பட்டது.

பட்டியலில் மூன்று பெயர்களையும் சேர்க்கச் சொன்னோம். வேண்டுமென்றே கடனை மறைப்பது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாகலாம் என்று வக்கீலும் சொன்னார். லாத்தாவின் பெயரை எழுதும்போதுதான் அவர் அழுதார். "கோர்ட்டிலிருந்து லாத்தாவுக்கு நோட்டீஸ் போகுமே ஹழ்ரத்" என்றார். போயிற்று. அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு நாளாய் எனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்று நினைத்துவிட்டானோ என்றிருந்தேன்" என்று நம் வீட்டில் சொன்னார்.

நீதிமன்றம் இறுதியில் விடுதலை வழங்கினால், மோசடியால் வந்த கடன், அரசுக்கு உரியது போன்ற சில நீங்கலாக மற்றவை சட்டப்படி அற்றுப்போகும். ஆனால் ஜாமீன் நின்றவர் விடுபடுவதில்லை. ஷரீஅத்தில் கடன் அற்றுப்போவதில்லை. வசதி வரும்வரை அவகாசம் தருவது கடமை, விட்டுக்கொடுப்பது மேல் என்று அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கடன்காரரிடம் பேசுகிறது. கடன்பட்டவரின் பொறுப்போ, கொடுக்கும் வரையில் அல்லது மன்னிக்கப்படும் வரையில் அவர்மீதே நிற்கும். இதை அவருக்கு ஒளிக்காமல் சொன்னோம்.

கடன்பட்டோர், ஸக்காத் பெறும் எட்டு வகையினருள் ஒருவர் என்று ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறுகிறது. நம் மஹல்லாக்களின் ஸக்காத் பட்டியலில் சேலையும் அரிசியும் இருக்கும். இந்த வகையினர் இருப்பதில்லை. காரணம், இன்னார் இவ்வளவு கடனில் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரிவதில்லை. இவரது கணக்கு நீதிமன்றத்தில் பகிரங்கமாக இருந்ததால், சென்ற ரமளானில் ஜமாஅத்தார் சிலர் தத்தம் ஸக்காத்திலிருந்து, அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, அந்த விதவையின் கடனில் நாற்பதாயிரம் கொடுத்தார்கள். மீதி ஓர் இலட்சத்து அறுபதாயிரம் நிற்கிறது.