பாயார்த் தீவில் ஒரு பகல்

எங்கள் பள்ளி ஆசிரியர் நால்வர் சென்ற ஆண்டு லங்காவித் தீவில் நடைபெற்ற அறிவியல் கற்பித்தல் பயிற்சிக்குச் சென்று வந்தோம். பயிற்சியைப் பற்றி மாணவர்கள் எவரும் கேட்பதில்லை. கடலுக்கடியில் என்ன கண்டீர்கள் என்றே கேட்கிறார்கள். ஆகவே அதையே எழுதுகிறோம்.

கோல கெடாத் துறையிலிருந்து ஃபெர்ரியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். பயிற்சி செவ்வாய் முதல் வியாழன் வரை. மாலை வேளைகளில் மசூரியின் கல்லறையையும் மாச்சின்சாங் மலையையும் கண்டோம். அம்மலைப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. 2007இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றதற்கு இத்தகைய பாறைகளே காரணம். வெள்ளிக்கிழமை நம் மாநிலத்தில் விடுமுறை. அன்று பாயார்த் தீவுக்குச் சென்று, கைக்காசில் ஸ்கூபா முக்குளிப்பதென முடிவு செய்தோம். “பயிற்சிக்கு அனுப்பினால் கடலில் குளித்துவிட்டு வந்தார்கள் என்று ஊர் பேசுமே” என்று எங்களில் மூத்தவர் தயங்கினார். பிறகு அவரே முதலில் பணத்தை எடுத்து வைத்தார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு நீச்சல் சரியாகத் தெரியாது. ஆற்றுப் பக்கம் போகாதே, ஈயக்குட்டைப் பக்கம் போகாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அறிமுக முக்குளிப்பில் பயிற்றுநர் உடனிருந்தே அழைத்துச் செல்வார் என்று அறிந்த பின்னரே துணிவு வந்தது.

புதன்கிழமை இரவு குவா நகரில் உடல்நலப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். ஆஸ்துமா உண்டா என்பது அதில் ஒரு கேள்வி. எங்களில் ஒருவருக்குச் சிறு வயது முதல் அந்நோய் உண்டு, மூன்றாண்டுகளாகத் தலைகாட்டவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவர் எங்களைப் பார்த்தார். “இல்லை என்று எழுதிவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று நாங்கள் கூறினோம். இதை எழுத இப்பொழுதும் வெட்கமாக இருக்கிறது. அன்று காலையில்தான் ஊசிக்குழலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றழுத்தம் கற்பிப்பது எப்படி என்று பயின்றிருந்தோம்!

அவர் “உண்டு” என்றே எழுதினார். மருத்துவர் சான்றின்றி இறக்க இயலாது என்று பயிற்றுநராகிய மலாய் இளைஞர் பணிவாகக் கூறிவிட்டார். காரணத்தையும் விளக்கினார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பும் காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்காமல் மெல்ல ஏறினால் அது வெளியேறிவிடும். ஆஸ்துமாவால் சிறு குழல்கள் அடைபட்டிருந்தால் வெளியேற வழியின்றி நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். எங்களுக்குப் பேச்சு எழவில்லை. நண்பர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இயலவில்லை.

முக்குளித்த உடம்பில் நைட்ரஜன் கரைந்து நிற்கும். உடனே விமானம் ஏறினால் குமிழிகளாகித் துன்புறுத்தும். ஒரு முறை முக்குளித்தவரும் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அன்றிரவே கோலாலம்பூருக்குப் பறக்கவிருந்த விரிவுரையாளர்களுக்கு இதனால் மூச்சுக்குழலோடு மேலே மிதக்கும் வாய்ப்பே கிட்டியது. ஃபெர்ரியில் திரும்பும் எங்களுக்கு அத்தடை இல்லை. எளியவர் பயணத்திற்கும் ஒரு சிறப்பு உண்டல்லவா!

பாயார், லெம்பு, காச்சா, செகாந்தாங் ஆகிய நான்கு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1994ஆம் ஆண்டின் ஆணைப்படி கடற்பூங்காவாகும். லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. அங்கே மீன் பிடிக்கலாகாது. முதுகில் உருளையைக் கட்டினார்கள். அதனுள் இருப்பது வெறும் பிராணவாயு என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றையே அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

இறங்கியதும் காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதியதும் தணிந்தது. நீர் கலங்கியே இருந்தது. படங்களில் காணும் பளிங்குக் கடலை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். ஆயினும் கைக்கெட்டும் தொலைவில் பவளப் பாறை நின்றது. பவளம் கல்லன்று, சிற்றுயிர்களின் கூட்டம் என்று பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தோம். அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றின் செந்நிறம் ஆழத்தில் மங்கிக் கறுத்துத் தெரிந்தது. செவ்வொளியை நீர் முதலில் விழுங்கிவிடும் என்பதும் நாங்கள் கற்பிக்கும் பாடமே.

கரையேறியபோது நண்பர் முழங்கால் அளவு நீரில் அசையாது நின்றிருந்தார். அவரைச் சுற்றிக் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் ஐந்தாறு வட்டமிட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் நீருக்கடியில் ஒரு சுறாவையும் காணவில்லை.

பள்ளி திரும்பியதும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டது அவரைத்தான். அவர் கணுக்காலில் உள்ள தழும்பு சுறா கடித்ததே என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அது செம்பனை முள் கிழித்தது.