காதில் விழும் காஞ்சனை

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை இன்று எழுத்தறியாதவரும் முழுமையாகக் கேட்டுவிடலாம். 2002இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. அதன்பின் அவற்றை வாசித்துப் பதிவிட எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. யூடியூபில் அக்கதைக்கு இப்போது பல குரல்கள்.

கேரளத்தின் எல்லைத் தமிழர்க்கு இது சிறிய செய்தியன்று. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் தமிழே பல வீடுகளின் மொழி. தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. ஆயினும் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்ற பிள்ளைகள் தமிழைச் சரளமாகப் பேசுவர். அச்சிட்ட பக்கத்தின் முன் திணறுவர். 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அவ்வெழுத்தாளர், அதே மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைக்குச் செவிவழியாகத்தான் வந்து சேர்கிறார்.

அப்பிள்ளைக்குப் பேய் புதிதன்று. கரிம்பனையில் குடியிருந்து, இரவில் வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் யட்சியைப் பாலக்காட்டில் அறியாதவர் யார்? யட்சிக்கு அடையாளம் உண்டு. சுண்ணாம்பு கேட்டவுடனே ஆள் தெரிந்துவிடும். காஞ்சனைக்கு அது இல்லை. உறக்கம் வராத ஓர் எழுத்தாளன், இன்னதென்று விளங்காத ஒரு வாடை, மனைவி வேலைக்குச் சேர்த்துக்கொண்ட ஒருத்தி, இவ்வளவுதான். கதைசொல்லி எதையும் தீர்த்துச் சொல்வதில்லை. அச்சில் எழுத்தாளனுடையதாக இருக்கும் ‘நான்’, காதில் வாசிப்பவருடையதாகிவிடுகிறது. அந்தக் குரலே தடுமாறும்போது கேட்பவர்க்குப் பற்றிக்கொள்ள வேறேதும் இல்லை.

தோட்டத்து லயமொன்றில், கொழுந்தெடுத்துத் திரும்பிய தாயும் மகளும் ஒரே கைபேசியில் இதைக் கேட்டு முடிக்கிறார்கள்.

“அவ பேயா இல்லையாம்மா?”

“அது தெரிஞ்சுட்டா அப்புறம் என்னடி பயம்?”

கதையைப் பற்றி இதைவிடச் சரியாக ஆய்வேடுகளும் சொல்லிவிட முடியாது.

பதிவிடுவோர் சிலர்க்கோ இந்த ஐயம் பொறுப்பதில்லை. பெண் வரும் இடமெல்லாம் சலங்கையைச் சேர்க்கிறார்கள், வயலினைப் பதறவிடுகிறார்கள். (இடையில் நகைக்கடை விளம்பரம் வேறு.) ஆசிரியர் திறந்துவைத்த கேள்விக்கு ஒலிப்பதிவாளர் விடை எழுதிவிடுகிறார். படிக்கத் தெரிந்தவர்க்கு இது வெறும் தொல்லை; நூலைத் திறந்து பழைய ஐயத்தை மீட்டுக்கொள்வார். லயத்துச் சிறுமிக்கு ஒலிப்பதிவே நூல். அந்தச் சலங்கையைக் கட்டியவர் யாரென்று அவள் எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பாள்?