உறைக்குப் பின்னால் ஒரு பெயர்

பிரியா ராகுவின்ர பாட்டை எனக்கு அனுப்பினது சுவிஸில் இருக்கிற மச்சாள். ‘குட் லவ் 2.0’. கீழே, “இவ எங்கட ஆள், கேட்டுப்பார்” என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி. வெளிநாட்டில் ஆர் என்ன சாதிச்சாலும் அந்தப் பெருமையில் பங்கு கேட்கிறது எங்கட சனத்தின்ர பழக்கம் எண்டபடியால், கொஞ்சம் சந்தேகத்தோடதான் கேட்டன். பிறகு திருப்பியும் ரெண்டு தரம் கேட்டன். சோல் பாட்டுக்குரிய அவசரமில்லாத இழுவை அந்தக் குரலில் இருக்கு. அதுக்குள்ள, எங்கட கலியாணவீட்டு மேடைகளில் கேட்ட ஒரு வளைவும் இருக்கு.

அது சும்மா வந்ததில்லை. போர் காரணமாக இலங்கையை விட்டுப்போன தாய் தகப்பனுக்கு சுவிற்சர்லாந்தில் பிறந்து, சென்ட் காலனில் வளர்ந்தவா. சின்ன வயதில் அப்பா, அண்ணன் எண்டு வீட்டோட சேர்ந்து தமிழ்ப் படப் பாட்டுகள் பாடிப் பழகினவா. அந்த அண்ணன்தான் இண்டைக்கும் அவவின்ர பாட்டுகளுக்கு இசையமைப்பாளர். தனக்கு வைச்சுக்கொண்ட பெயர் ஜப்னா கோல்ட். (கிளிநொச்சிக்காரி எனக்கு அந்தப் பெயரில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. வன்னிக்கு ஒரு வெள்ளியாவது தந்திருக்கலாம்.)

நான் திரும்பத் திரும்ப யோசிச்சது அவவின்ர வேலையைப் பற்றி. பாடகியாக ஊர் அறிய முந்தி, சுவிஸ் விமான நிறுவனத்தில் விமான உதிரிப்பாகங்கள் வாங்கிற பிரிவில் இருந்தவா. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கிடைச்ச நேரத்தில் அண்ணனோட பாட்டுச் செய்தவா. இடையில் நியூயோர்க் போய் இருந்து பாட்டெழுதினவா. வோர்னர் இசைக் கம்பனியோட ஒப்பந்தம் வரேக்க வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2021இல் ‘டாம்ன்ஷீஸ்டமில்’ தொகுப்பு. 2022க்குக் கவனிக்க வேண்டிய புதுக் குரல்கள் எண்டு பிபிசி போட்ட நீளப் பட்டியலில் இவவும். 2023இல் முதல் அல்பம், பெயர் ‘சந்தோஷம்’. எல்லாப் பாட்டும் எனக்குப் பிடிச்சதெண்டில்லை. ‘சிக்கன் லெமன் றைஸ்’ எனக்குக் கொஞ்சம் இரைச்சல். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்ட் ஓடுற ஒரு சிறுமியை நினைச்சுச் செய்த ‘கமலி’யை மட்டும் விடேலாது.

முப்பது வயது எண்டது இங்க ஒரு பெட்டைக்கு என்ன கணக்கெண்டு உங்களுக்குத் தெரியும். சம்பளம் எங்களுக்கும் இருக்கு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போற என்ர சிநேகிதி விடிய வெள்ளன பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வாறா. அவவுக்கு என்னை விட நல்ல குரல். பாடுறதுக்குப் பின்னேரம்தான் இல்லை. வேலையை விட்டுப் பார்த்துச் சரிவராட்டித் திரும்பிப் போகலாம் எண்ட துணிவு இங்க ஆருக்கு இருக்கு? குரலை மட்டும் வைச்சு இந்தக் கதையைச் சொல்லேலாது.

நானும் பாடுறனான், என்ர பெயரில் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தர் தன்ர ஊர்க் கோயிலுக்கு இறுவட்டு வெளியிட ஆசைப்படுவார். ஆரோ பாட்டெழுத, ஆரோ மெட்டுப்போட, எங்களைப் போல ஆக்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிண்டு பாடிவிட்டு வாறது. பெரிய நகரங்களில் மற்றவையின்ர பாட்டுக்குக் குரல் குடுத்துச் சீவிக்கிறது ஒரு தொழில். அதுக்குக் கூலியும் ஒப்பந்தமும் இருக்கு. இங்க பஸ் காசும் சாப்பாடும், சில நேரம் ஒரு கவரும். கடைசியாக நான் பாடின இறுவட்டின் உறையில் காசு போட்டவரின்ர படம், அவரின்ர பிள்ளையளின்ர பெயர், திறந்துவைத்தவரின்ர பெயர் எல்லாம் இருந்தது. ஆர் பாடினது எண்டதைக் காணேல்லை. திருவிழாவில் அதே பாட்டு லவுட்ஸ்பீக்கரில் போகேக்க, “ஆர் பிள்ளை பாடினது, இந்தியாக்காரியோ?” எண்டு ஒரு அம்மா என்னட்டையே கேட்டா.

போன மாதம் இன்னொரு இறுவட்டுக்குக் கேட்டு வந்தவை. ஆறு பாட்டு. பாடுறன், ஆனால் உறைக்குப் பின்னாலயாவது என்ர பெயர் வரவேணும் எண்டு சொன்னன். “அண்ணையிட்டக் கேட்டுச் சொல்லுறம் தங்கச்சி” எண்டவை. அண்ணை கனடாவில். இன்னும் பதில் வரேல்லை.