டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்



எச்.ஐ.வி. என்றாலே நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஊர் வாய்க்கு அஞ்சி ஒளிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், மருந்து எழுதுகிறவரிடமும் ஒளித்தால் அது உயிருக்கே உலை வைத்துவிடும். என் அத்தான் ஒருவர் பல ஆண்டுகளாக இந்நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். துணைக்குப் போய்வருகிறவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இந்தக் கிருமி, நீளமான புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டித்தான் புதிய கிருமிகளை உருவாக்குகிறது. வெட்டும் கத்திக்குப் பெயர் புரோட்டியேஸ். அந்தக் கத்தியை முடக்கும் முதல் மருந்து 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தகைய மருந்துகளை மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்த பிறகுதான் சாவு வெகுவாகக் குறைந்தது. இன்று பெரும்பாலோருக்கு முதலில் வேறு மாத்திரை தருகிறார்கள். அது கேட்காதபோது இது கைகொடுக்கிறது.

அத்தான் சாப்பிடுவது டாருனாவிர். கூடவே 100 மில்லிகிராம் ரிட்டோனாவிர். இந்தச் சின்ன மாத்திரைதான் சூட்சுமம். மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையை இது மட்டுப்படுத்தும். கால்வாயில் பலகை வைத்து மறித்தால் நீர் தேங்குமல்லவா? அதுபோல டாருனாவிர் உடம்பில் அதிக நேரம் தங்கும். ஆனால், பலகைக்கு ஆள் தெரியாது. வேறு மருந்து சாப்பிட்டால் அதுவும் தேங்கிவிடலாம்!

ஒருமுறை பட்டணத்து கிளினிக் ஒன்றில் அத்தானுக்குக் கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாட்டின் கொடுத்தார்கள். "வேறு மருந்து உண்டா?" என்ற கேள்விக்கு, தோட்டத்தில் தெரிந்துவிடுமே என்று தலையை ஆட்டி "இல்லை" என்றிருக்கிறார். நல்லவேளை, மறுநாள் அரசாங்க கிளினிக்கில் தவணை. "எல்லாப் பையையும் எடுங்க அத்தான்" என்றேன். மருந்து கொடுக்கும் பெண்மணி அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். இரண்டும் சேர்ந்தால் தசை சிதைந்து, சிறுநீரகமே கெட்டுப்போகலாமாம். டாக்டரைக் கேட்டு வேறு மாத்திரை மாற்றித் தந்தார்.

இன்னும் கேளுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கிருமி மருந்தின் பலத்தையே அழித்துவிடும். ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் விரல்களுக்குப் போகும் இரத்தத்தையே நிறுத்திவிடலாம். அட்டாசனாவிர் சாப்பிடுவோருக்கு கேஸ்ட்ரிக் மருந்து ஆகாமல் போகலாம். இழுப்புக்கு உறிஞ்சும் மருந்திலும் சில ஆகாது. ஜாமு, நாட்டு மருந்து, சீனக் கடைக் கஷாயம் எதையும் சொல்லாமல் விடாதீர்கள்.

இதைப் படித்துப் பயந்து, நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். டாருனாவிரைச் சாப்பாட்டோடு, நேரம் தவறாமல் விழுங்குங்கள். மருந்துப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா? சீட்டை நீட்டுங்கள், போதும்.

அத்தானின் இரத்தத்தில் இன்று கிருமி, சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. மகளின் கல்யாணத்துக்குப் பந்தல்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.