வாரில் விழுந்த வெட்டு

காவிரிக்கரை ஊர்களில் பழைய சவரக்கத்தியை இன்னும் கைவிடாத சில முடிதிருத்தும் தொழிலாளர்களின் கடைகளைத் தேடிப் போனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும், கத்தி தீட்டும் தோல் வாரைப் பார்ப்பதுதான் நோக்கம். வெட்டு விழாத வார் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விளிம்பில் அரைவட்டமாக ஒரு கொத்து, குறுக்கே ஒரு கீறல், கீழ்முனையில் நெருக்கமாகப் பல சிறு வெட்டுகள். புதிதாகக் கத்தி வாங்கிப் பழகுகிறவர்கள் இதில் ஒன்று விழுந்தாலே வார் பாழ் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு என்பதே என் வாதம். வெட்டு விழுந்த வார்களில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்து ஆண்டுக்கணக்கில் புழங்கலாம். எந்த வெட்டைச் சீர்செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பிரித்தறிவதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது.

சாணைக்கல் இரும்பைத் தேய்த்துக் கூராக்குகிறது. அதன்பின் வருகிற வாரின் வேலை வேறு. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய கோடு. சவரம் செய்யச் செய்ய அந்தக் கோடு லேசாக மடங்கும். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, தோலின்மேல் கத்தியை ஓட்டும்போது மடிப்பு நிமிர்கிறது. முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் படிந்திருக்க வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டித் திருப்ப வேண்டும். பழகாத கை தவறுவது இந்தத் திருப்பத்தில்தான். ஓட்டம் நிற்பதற்குள் புரட்டினாலும், முதுகைத் தூக்கிவிட்டாலும் வாய் தோலுக்குள் இறங்கிவிடும். வாரை இழுத்துப் பிடிக்காமல் தொய்யவிட்டாலும் அதே கதிதான். நான் பார்த்த வார்களில் வெட்டுகள் முனைகளில் குவிந்து, நடுவில் அருகியிருந்ததற்குக் காரணம் இதுவே.

ஒரு வெட்டில் பள்ளம், பிசிறு என்று இரண்டு உண்டு. கத்தி சாய்வாக இறங்குவதால் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய தோல்நாக்கு ஒன்று கிளம்பி நிற்கும். சிறிய பள்ளத்தால் பெரிய கெடுதல் இல்லை. கத்தி சுற்றியுள்ள தோலில் படிந்தபடி அதைத் தாண்டிப் போய்விடும். கெடுப்பது பிசிறுதான். அது கூரில் இடறி வாயை மழுக்கும். இடறும்தோறும் தானும் இன்னும் கிளம்பும். மூத்த தொழிலாளி ஒருவர் இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. இடக்கையால் வாரை விறைப்பாகப் பிடித்து, கட்டைவிரலின் சதையை மேலும் கீழும் மெல்ல ஓட்டுகிறார். ஒரு திசையில் விரல் வழுக்குகிறது, மறுதிசையில் தட்டுகிறது. விளிம்பில் தட்டினால் பிளேடால் சாய்வாகச் சீவி எறிகிறார். உள்ளே தட்டினால், செருப்புத் தைக்க உதவும் சொல்யூஷனைத் தீக்குச்சியில் தொட்டு, பிசிறின் அடியில் மட்டும் தடவி, ஈரம் வாங்கியதும் அழுத்துகிறார். பசை மேலே வழிந்து காய்ந்தால் அதுவே புதிய இடறலாகிவிடும் என்பதால் அந்தச் சிக்கனம். நன்றாகக் காய்ந்த பிறகு, நைஸ் உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றி, வெட்டையும் அதைச் சுற்றியுள்ள தோலையும் சேர்த்துச் சமமாகும்வரை தேய்க்கிறார்.

உப்புத்தாள் பட்டால் தோலின் மெருகு போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகும், ஆனால் அது திரும்பி வருமா என்பது தோலைப் பொறுத்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, ஒரு காலத்தில் தமிழகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போன ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் போன்றவை இறுக்கமானவை. தேய்த்த இடத்தை உள்ளங்கையால் நாள்தோறும் உரசிவந்தால் மெருகு ஏறிவிடும். குரோம் உப்பில் பதனிட்ட மென்தோல் அப்படியல்ல. தேய்த்தால் பஞ்சுபோலக் கிளம்பக்கூடும். ஆகவே தாளைக் கையில் எடுக்கும் முன் தோல் எதுவென்று தெரிந்துகொள்வது நல்லது. இதைவிட வலுவான ஆட்சேபம், உப்புத்தாளின் பொடி தோலில் தங்கிக் கூரைக் கீறும் என்பது. முற்றிலும் உண்மை. ஈரத்துணியால் பலமுறை துடைத்து, நிழலில் உலரவைத்து, முதலில் ஒரு பழைய கத்தியை ஓட்டிப் பார்த்த பிறகே நல்ல கத்தியை வைக்க வேண்டும். புதுவார் வாங்கிவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்பாரும் உண்டு. திருப்பம் பழகாத கை அந்தப் புதுவாரிலும் அதே இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்ட பழைய வாரே பழகுவதற்கு உகந்தது.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் சுகாதாரம். பலர் முகத்தில் பட்ட கத்தியை ஒரே வாரில் தீட்டினால் ரத்தத் துளிகள் தோலில் ஊறும். தோலைக் கொதிக்கவைக்க முடியாது. கிருமிநாசினியில் ஊறவைத்தாலும் கெட்டுவிடும். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பின்னர் வந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுக் காலத்தில், ஆளுக்கு ஒரு பிளேடு என்பது சலூன்களில் வழக்கமானது. அது நடந்தே ஆகவேண்டிய மாற்றம்; அதைத் திருப்பும்படி நான் கேட்கவில்லை. நான் பார்த்த கடைகளிலும் வாடிக்கையாளருக்குப் பாதி பிளேடு மாட்டிய கத்திதான். பழைய கத்தியும் வாரும் தொழிலாளியின் சொந்தச் சவரத்துக்கு மட்டும். என் வாதமும் அந்த அளவில்தான்: ஒருவருக்கு ஒரு கத்தி, ஒரு வார். ஆனால் கூர் வைக்கும் வேலை தொழிலாளியின் கையைவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனபோது, தட்டுவதை விரலால் உணரும் அறிவும் அவரோடு நின்றுபோகத் தொடங்கியது. அந்த இழப்பைச் சிறிதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

சீர்செய்யக்கூடாத வெட்டும் உண்டு. அகலத்தில் பாதிவரை குறுக்கே ஓடியது, தடிமனில் பாதிக்குமேல் இறங்கியது: இரண்டையும் ஒட்டிப் பயனில்லை. விறைப்பாக இழுக்கும்போது வார் அங்கேதான் கிழியும், கையில் திறந்த கத்தியும் இருக்கும். கீழ்முனை ஓரத்தில் இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டுக் குட்டை வாராகப் புழங்கலாம். நடுவில் இருந்தால், வெட்டுப்படாத பகுதியில் ஒரு சாண் நீளம் தேறினாலும் அதை நறுக்கி, இழைத்த தேக்குப் பலகையில் சதைப்பக்கம் கீழாக ஒட்டிவிடலாம். பலகையில் படிந்த தோலை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஓட்டம் குட்டையாவதால் திருப்பம் மட்டும் அடிக்கடி வரும்.