மணிக்கு மூணு டாலர் சொச்சம்

லேப்ல ஒரு அமெரிக்க நண்பர். ஸ்கேல் மாடல் கார் செய்பவர். ஏஎம்டி 1/25, தாமியா 1/24. கலந்து பேசினா சாமி ஆடிடுவார்!

போன மாசம் ஒருத்தர், இறந்துபோன தன் அப்பாவோட காரை மாடலா செய்து கேட்டார். கூலி 200 டாலர். பெயிண்ட், பாலிஷ், குரோம் ஓரங்களுக்கு மெல்லிய ஃபாயில்னு 60 மணி நேரம் போச்சு. மணிக்கு மூணு டாலர் சொச்சம். ஃபெடரல் குறைந்தபட்சக் கூலியே 2009-லிருந்து 7.25!

"இதெல்லாம் ஒரு பிசினஸா?"ன்னேன்.

"காசை விடு. என் கார்னா, பெயிண்ட் சொதப்பினா ஆறு மாசம் ஓரமா வச்சிடுவேன். இது அவர் அப்பா கார். தேதி சொல்லிட்டேன்."

காரை வாங்கினவர் அழுதுட்டாராம். ஆனாலும் அடுத்த ஆர்டரை நண்பர் ஏத்துக்கலை.

கோடு அங்கேதான் மக்களே: "எப்ப முடியும்?"னு இன்னொருத்தர் கேட்கிற இடம்.