உப்பின் வெள்ளை

தூத்துக்குடி உப்பளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. என்னை அழைத்துப்போனவர் இருட்டறையில் படம் கழுவிய காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்துபவர். உப்பு வாருபவர்கள் எங்களுக்கும் முந்தி வந்து வேலையில் இருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியைக் கண்கொண்டு பார்க்க முடியாது.

அரைமணி நேரம் அவர் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. வரப்பில் நடந்தார், குந்திப் பார்த்தார், திரும்பி வந்தார். "இங்க எல்லாமே தட்டை. கண்ணு நடந்து போறதுக்கு ஒரு வழி வேணும்" என்றார். கடைசியில் முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். கீழ்மூலையில் கிளம்பிய வரப்பு, பாத்திகளுக்கு நடுவே ஓடி, தூரத்து உப்பு அம்பாரத்தில் போய் நின்றது. மேகமில்லாத வானத்துக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை.

வெயில் வந்ததும் முதல் படம். கூடையை இறக்கிவைத்த ஒரு அம்மா கேமராத் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எங்க உப்பு இம்புட்டு அழுக்காவா இருக்கு?"

அந்தக் கேள்வியில் வருத்தம் இருந்தது. உப்பின் வெண்மைதான் அவர்கள் உழைப்பின் தரம். பழுப்பேறினால் விலை இறங்கும்.

"உப்பு நல்லாத்தாம்மா இருக்கு, கேமரா ஏமாந்துட்டு" என்றார் இவர். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளை வெளியைக் காட்டினால் ஒளி மிகுதி என்று எண்ணிக் குறைத்துவிடும். அவர் எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் கூட்டினார். ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு வலப்பக்கம் நகர்ந்தது, ஆனால் விளிம்பில் முட்டவில்லை. முட்டியிருந்தால் உப்புப் பரல்கள் வெற்று வெள்ளையாகிப் போயிருக்கும், பிறகு மீட்க வழியில்லை. மறுபடி காட்டியபோது அந்த அம்மா தலையசைத்தார். அடுத்த படத்தில் கூடையோடு வரப்பில் நடந்துவரச் சம்மதித்தார்.

மாலை ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளை வேலை. நிறத்தை ஒரேயடியாக நீக்கியபோது படம் சோர்ந்து கிடந்தது; அந்த அம்மாவின் சிவப்புச் சேலையும் நீல வானமும் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சமாக மாற வேண்டும் என்று தனித்தனியே தீர்மானிப்பதில்தான் இந்தக் கைவேலை இருக்கிறது. 1927இல் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் ஹாஃப் டோம் பாறைக்குப் பின்னால் வானத்தைக் கறுக்கவைத்தது சிவப்பு வடிகட்டியால். இவர் அதையே நீலத்தைக் குறைத்துச் செய்தார். வானம் ஆழ்ந்தது. நான் எதிர்பாராதது, அம்பாரமும் உயிர்பெற்றது: உப்பின் நிழல்களில் வானத்தின் நீலம் படிந்திருந்ததால் அவையும் கறுக்க, உப்பு பரல் பரலாகத் தெரிந்தது. அளவு மீறினால் வானத்தில் புள்ளிகள் கிளம்பும் என்று சற்றே பின்வாங்கினார். சேலைக்காகச் சிவப்பைக் கொஞ்சம் இறக்கினார். ஆரஞ்சைத் தொடவில்லை, தொட்டால் அந்த அம்மாவின் முகம் இருண்டுவிடும்.

அச்செடுத்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். காலையில் பாத்தியிலிருந்து எடுத்த உப்பு. அச்சின் மேல் ஒரு சிட்டிகை வைத்து, விளக்கடியில் குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு இழை ஏத்தணும்" என்று மறுபடி கணினி முன் உட்கார்ந்தார்.